அட்டை

போயா விடுமுறைக்கு மாத்தளையிலிருந்து முதல் பஸ்.
இரத்தோட்டை தாண்டியதும்
ஜன்னலைச் சாத்தச் சொன்னான் கண்டக்டர்.
சாத்தினோம்.
அதற்குள் டிக்கட் எடுக்காமல்
ஏறி உட்கார்ந்திருந்தது பனி.

காட்டு வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள்.
உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை.
கவுண்டர்ப் பெண் என் அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
தோட்டத்தின் பெயர், டிவிஷன் இலக்கம்,
தெரு இல்லாத முகவரி.
உள்ளூர்தான் என்று முடிவெடுக்க
அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது.

உள்ளே இன்னோர் அட்டை.
அது எதையும் கேட்கவில்லை.
காலுறைக்குள் இறங்கி
உடனே என்னை ஏற்றுக்கொண்டது.

வழிகாட்டி ஜயசுந்தர
வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு பொட்டு வைத்தார்,
சுருண்டு விழுந்தது.
‘நீங்களே வச்சுக்கங்க’ என்று
டப்பாவையும் தந்துவிட்டார்.
பிறகு ஏற்றம். வேர்கள். வழுக்கும் பாறை.
பைண்டிங் பகுதி சாரதாமணி
பத்தடிக்கு ஒருதரம்
பாம்பு இருக்கிறதா என்று கேட்டாள்.
‘இருக்கு’ என்றார் அவர், பத்தடிக்கு ஒருதரம்.

குகை வாயில். பழுப்புப் பலகை. மும்மொழி.
சிங்களம் பதினொரு வரி, ஆங்கிலம் ஒன்பது,
தமிழ் நான்கு.
நான்கு வரியில் மூன்று பிழை.
என்ன செய்ய, அச்சகத்தில் என் வேலையே அதுதான்,
லீவு நாளிலும் கண் மேய்கிறது.
புள்ளி உதிர்ந்து ‘மனிதரகள்’.
துணைக்கால் முறிந்து ‘வழ்ந்தார்கள்’.
‘கருவிகல்’லை மன்னித்தேன்,
கல்லால் செய்த கருவிதானே.
முதல் வரியில் ஆதிமனிதர்.
கடைசி வரியில்
காட்டைப் பாதுகாப்பதாக அறிவித்த ஆண்டு.
இரண்டுக்கும் நடுவே
ஒருவருமே பிறக்கவில்லை போலும்.

உள்ளே வௌவால் மூத்திர நெடி.
ஜயசுந்தரவின் டார்ச் சுவரில் தடவி
ஓரிடத்தில் நின்றது:
கோடுகள். இடுப்புயரத்தில், ஆணியால் கீறியவை,
படுத்தபடி எட்டும் உயரம்.
‘ஏலக்காய்க் காலத்தில்
காவலுக்கு ஒருத்தன் இருந்தானாம்.’
பேர்?
தெரியாதாம்.
தமிழனா, சிங்களவனா?
டார்ச் தோளோடு சேர்ந்து குலுங்கியது.

மெஷின் ஓட்டும் ஃபர்வீஸ் எண்ணினார்: அறுபத்திரண்டு.
சாரதாமணி எண்ணினாள்: அறுபத்தொன்று.
சண்டை.
நான் முட்டிபோட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.
மூன்றாம் வரிசையில் ஒரு கோட்டின் மேல்
குறுக்கே ஒரு சின்ன வெட்டு.
ப்ரூஃபில் ‘நீக்குக’ என்று
நான் தினமும் போடும் அதே வெட்டு.

ஒரே நாளை இரண்டுதரம் கீறிவிட்டு
மறுநாள் காலை நினைவு வந்திருக்கலாம்.
கணக்குப்பிள்ளை பார்க்காத இருட்டில்
தனியே கிடந்தும் திருத்தியிருக்கிறான்.
அல்லது, எங்கள் லயத்தில்
ஒரு நாள் கூலிக்குப் பேர் என்றுதான் சொல்வது.
மழைக்குப் பேர் இல்லை.
காய்ச்சலுக்குப் பேர் இல்லை.
பிந்தி வந்தால் அரைப்பேர்.
யாரோ அவனுக்கு ஒரு பேரை வெட்டியிருக்கலாம்,
அவனும் அதைச் சுவரில் வெட்டியிருக்கலாம்.
எதுவென்று கல் சொல்லவில்லை.
பேர் தெரியாதவனின் அறுபத்தொரு பேர்.
விரலை வைக்கப் போனேன்.
‘தொடக்கூடாது’ என்றார் ஜயசுந்தர,
சரியாகத்தான் சொன்னார்.

வெளியே வந்தோம்.
சுண்ணாம்பு டப்பா என் கையிலேயே இருந்தது.
‘ரகள்’ளின் ர மேல் ஒரு பொட்டு வைத்தேன்.
‘வழ்ந்தார்க’ளின் இடுக்கில்
நகத்தால் ஒரு காலை நட்டேன், நொண்டிக்கால்தான்.
‘கவர்மெண்ட் போர்ட்’ என்ற ஜயசுந்தர
திரும்பி நின்று
நெடுநேரம் ஒரு மரத்தைப் பார்த்தார்.
கருவிகல்லைத் தொடவில்லை.
நடுவே விடுபட்டவனை எழுத
பலகையில் இடமுமில்லை,
டப்பாவில் சுண்ணாம்புமில்லை.

இறங்கும்போது மழை பிடித்தது.
எவ்வளவு நேரம் தாங்கும் என்று
ஃபர்வீஸிடம் கேட்டேன்.
‘மை என்றால் சொல்வேன்’ என்றார்.